கையொப்பமும் கணக்கும்: 1893ஆம் ஆண்டு இராயப்பேட்டை மனுவை மறுவாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

1893 டிசம்பர் 23 அன்று சென்னை இராயப்பேட்டை வெஸ்லியன் மிஷன் கல்லூரியில் நடைபெற்ற கூட்டத்தைத் தொடர்ந்து, 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனு ஒன்று பிரிட்டானியப் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தும் திட்டத்தை அம்மனு எதிர்த்தது. தேசிய இயக்க நோக்கில் எழுதப்பட்ட வரலாறுகளில் இத்தகைய எதிர்ப்பு, ஆங்கிலேய விசுவாசத்தின் வெளிப்பாடாகவே பெரிதும் கொள்ளப்பட்டது. ஒரு மனுவை அதன் பணிவுச் சொற்களைக் கொண்டு மதிப்பிடுவது போதாது. அது யாரிடம் பதில் கேட்கிறது, யாருடைய அதிகாரத்தைக் கணக்குக் கேட்கிறது என்பவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: மனு, இரட்டைமலை சீனிவாசன், பறையர் மகாஜன சபை, குடிமைப் பணித் தேர்வு, பொறுப்புடைமை

முன்னுரை

தமிழக அரசியல் வரலாற்றில் மேடைப் பேச்சு, துண்டறிக்கை, இதழ்க் கட்டுரை ஆகியவை இலக்கியத் திறனாய்வின் கவனத்தைப் பெற்றுள்ளன. மனு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலக வாயிலில் மனு எழுதித் தருவோரையும், அதைக் கையிலேந்தி வரிசையில் நிற்போரையும் நாம் காண்கிறோம். எண்ணிக்கையில் இதற்கு ஈடான பிறிதோர் எழுத்து வகை தமிழில் இருக்குமா என்பது ஐயமே. ஆயினும் ஆய்வுலகில் மனு, வரலாற்றாசிரியர் தகவல் திரட்டும் தாளாகவே எஞ்சியுள்ளது. அதற்கெனச் சொல்முறையும் வாதமுறையும் உள்ள பனுவலாக அது வாசிக்கப்படுவதில்லை.

இரட்டைமலை சீனிவாசன் முன்னின்று அனுப்பிய 1893ஆம் ஆண்டு மனுவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1939இல் வெளிவந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' இம்மனுவின் செய்தியைத் தருகிறது. தன்வரலாற்றில் அம்மனு நினைவுகூரப்படும் முறையும், அது பிறந்த நகரச் சூழலும் இங்கு ஆய்வுப் பொருளாகின்றன.

மனு என்னும் பனுவல் வகை

ஆள்வோரிடம் முறையிடும் மரபு தமிழுக்குப் பழையது. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடிப் பழைய நிலவரிக் கடனிலிருந்து விடுபட்ட செய்தியைப் புறநானூற்றின் 35ஆம் பாடல் தொடர்பான குறிப்பு தருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் விண்ணப்பம் செய்தோரின் பெயரும், அதன்பேரில் வழங்கப்பட்ட கொடையும் பதிவாகியுள்ளன. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைக்கிறாள். இம்மூன்றிலும் பொதுவாக அமைவது ஒற்றைக் குரல். புலவரின் புலமை, அதிகாரியின் பதவி, பத்தினியின் கற்பு என முறையிடுவோரின் தனித்தகுதியே முறையீட்டுக்கு வலிமை சேர்க்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் இந்நிலை மாறுகிறது. கஜுலு லட்சுமிநரசு செட்டியின் தலைமையில் 1852இல் தோன்றிய சென்னை சுதேசிகள் சங்கம் அவ்வாண்டே பாராளுமன்றத்திற்கு மனு அனுப்பியது. வரிச்சுமை, நீதி நிர்வாகம், கல்வி ஆகியன குறித்த குறைகளை அது முன்வைத்தது. வரி தண்டலில் சித்திரவதை கையாளப்படுகிறது என்னும் குற்றச்சாட்டு பாராளுமன்றம் வரை சென்றதன் விளைவாக விசாரணைக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1855இல் வெளியாயிற்று. 1857இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் கார்ல் மார்க்ஸ் அவ்வறிக்கையை எடுத்தாண்டார். சென்னையில் எழுதப்பட்ட மனு, எழுதியோர் எதிர்பாராத தொலைவுக்கும் சென்று சேரக்கூடும் என்பதற்கு இது சான்று.

1893க்கு முன்பே, தனிக்குரலிலிருந்து கூட்டுக்குரலுக்கு மாறிய ஒரு வடிவம் சென்னையில் நிலைபெற்றிருந்தது. அவ்வடிவத்தை யார் கையாளலாம் என்பதே அடுத்து எழுந்த கேள்வி.

மயிலாப்பூர், அடையாறு, இராயப்பேட்டை

1884 டிசம்பரில் அடையாற்றில் நடைபெற்ற பிரம்மஞான சபை மாநாட்டையொட்டி, திவான் பகதூர் ரகுநாத ராவின் மயிலாப்பூர் இல்லத்தில் பதினெழுவர் கூடித் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கும் எண்ணத்தை விவாதித்தனர் என அன்னி பெசன்ட் குறிப்பிடுகிறார். காங்கிரசின் தோற்றத்திற்கு இக்கூட்டம் எவ்வளவு காரணம் என்பது விவாதத்திற்குரியது. ஆயின், மயிலாப்பூரின் வழக்கறிஞர்களும் முன்னாள் திவான்களும் அக்கால அரசியல் கோரிக்கைகளை வடிவமைத்தனர் என்பதில் ஐயமில்லை. அதே ஆண்டில் சென்னை மகாஜன சபையும் தோன்றியது.

மயிலாப்பூரை அடுத்துள்ள இராயப்பேட்டையில் வேறோர் அரசியல் உருவாகிக்கொண்டிருந்தது. அங்கு வாழ்ந்த அயோத்திதாசர், 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் நடந்த மாநாட்டின் தீர்மானங்களைக் காங்கிரசுக்கு அனுப்பினார், பயன் விளையவில்லை. 1892இல் மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவு குறித்து வினவியபோது, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்ல என்னும் பொருள்பட விடை கிடைத்ததைப் பின்னாளில் அவர் பதிவு செய்துள்ளார். அதன்பின் அவர் தெய்வங்களை விடுத்துக் கல்வியையும் தரிசு நிலத்தையும் கேட்டார்.

1893 மனு இலண்டனை ஏன் முகவரியாகக் கொண்டது என்பதற்கான விடையின் ஒரு பகுதி இந்நிகழ்ச்சியில் உள்ளது. அருகிலிருந்த முகவரி முதலில் முயலப்பட்டது. அங்கு உரிய பதில் கிட்டவில்லை.

தர்க்காஸ்து முதல் தேர்வு வரை

விடையின் மறுபகுதி நிலத்தில் உள்ளது. சென்னையைச் சூழ்ந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் மிராசு உரிமை வலுவாக இருந்தது. தரிசு நிலம் வேண்டுவோர் தர்க்காஸ்து என்னும் விண்ணப்பத்தை அளிக்க வேண்டும். மிராசுதாரர்க்கு அந்நிலத்தில் முன்னுரிமை இருந்தமையால், பறையர் அளித்த விண்ணப்பங்கள் தோல்வியுறுவது வழக்கமாயிற்று. மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் இந்நிலையை விரிவான குறிப்பாக எழுதினார். அதனைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறை அரசாணை எண் 1010 பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் எனப்படுவதன் தோற்றுவாய் இவ்வாணையே.

இப்பின்னணியில் தேர்வு குறித்த மனுவின் தருக்கம் தெளிவாகிறது. கிராமக் கணக்கர், முனிசீப், தாசில்தார் என்னும் படிகளில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் நிலவுடைமைச் சாதியினர் அல்லது அவர்களோடு உறவுடையோர். இப்படிகளுக்கு மேல் முறையிடத்தக்க இடம் ஆட்சியர். அவர் குடிமைப் பணித் தேர்வின்வழி வருபவர். தேர்வு இந்தியாவிலும் நடந்தால், உயர்கல்வி பெற்ற சில சாதியினரே அப்பதவிகளை நிரப்புவர். முறையீட்டின் கடைசிப் படியும் முதற்படியினரின் கைக்கே போய்விடும். மனு அஞ்சியது இதனையே. 'சுதேசி அதிகாரி' என்பது மயிலாப்பூரில் ஓர் இலட்சியமாக இருந்தது. செங்கல்பட்டுச் சேரிகளில் அது தர்க்காஸ்தை மறுத்தவரின் முகமாக இருந்தது.

ரூபா விஸ்வநாத் தம் 2014ஆம் ஆண்டு நூலில், பறையர் நிலையைச் சமயம் சார்ந்த சிக்கலாகச் சுருக்கியதன் மூலம் நிலமும் உழைப்பும் பற்றிய கேள்விகள் ஒதுக்கப்பட்டதை விளக்குகிறார். அவ்வாறு ஒதுக்கப்பட்டதை நிர்வாகத்தின் மொழியிலேயே மீட்டெடுக்கும் முயற்சியாக 1893 மனுவை வாசிக்க இடமுண்டு.

விசுவாசமா, வினாவா

1893 ஜூன் 2 அன்று, தாதாபாய் நவுரோஜி முதலியோரின் ஆதரவுடன், தேர்வை இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒரே காலத்தில் நடத்தும் தீர்மானம் பொதுமக்கள் அவையில் நிறைவேறியது. இந்திய அரசு மாகாண அரசுகளின் கருத்தைக் கேட்டது. அவற்றுள் சென்னை அரசு மட்டுமே திட்டத்தை ஆதரித்தது. இச்செய்தி நம் வாதத்திற்கு இன்றியமையாதது. ஆள்வோரை மகிழ்விப்பது மட்டுமே மனுவின் நோக்கமாயின், தம் மாகாண அரசின் நிலைப்பாட்டுக்கு மாறாக அது அமைந்திருக்காது. பாராளுமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்தையே பாராளுமன்றத்திடம் எதிர்த்து வாதிடும் மனுவை வெறும் விசுவாசம் என்று கூறுவதும் பொருந்தாது. கன்சர்வேடிவ் உறுப்பினரான ஜெனரல் சர் ஜார்ஜ் செஸ்னியின் வழியாக மனு அனுப்பப்பட்டமை, பிரிட்டானியக் கட்சி அரசியலின் பிளவுகளை மனுதாரர் பயன்படுத்திக்கொண்டதைக் காட்டுகிறது.

ஒப்பீடு ஒன்றும் இங்குத் தேவை. 1852இல் பாராளுமன்றத்திற்கு மனுச் செய்த சங்கம், கம்பெனி ஆட்சியை நீக்கி முடியாட்சியின் நேரடி ஆளுகையையும் வேண்டியது. அச்சங்கத்தைத் தேசிய விழிப்பின் முன்னோடி என்கிறோம். 41 ஆண்டுகளுக்குப் பின் அதே முகவரிக்கு, அதே வடிவில், வேறு மக்கள் அனுப்பிய மனுவை மட்டும் விசுவாசம் என்கிறோம். இந்த இரட்டை அளவுகோலுக்கான காரணம் மனுக்களின் சொல்லில் இல்லை. மனுதாரர் யார் என்பதில் உள்ளது.

கையொப்பத்தின் கணக்கு

தன்வரலாற்றில் இம்மனு நினைவுகூரப்படும்போது அதன் நீளமும் கையொப்ப எண்ணிக்கையுமே முன்னிற்கின்றன. 112 அடியில் 3412 பெயர்கள் எனின், ஓர் அடிக்கு ஏறத்தாழ 30 பெயர்கள் அமையும். ஒரே நிரலாக எழுதப்பட்டிருப்பின், ஒரு பெயருக்கு அரை அங்குலத்திற்கும் குறைவான இடமே கிட்டியிருக்கும். முன்னைய மரபில் முறையிடுவோரின் தனித்தகுதி ஆற்றிய பணியை இங்கு எண்ணிக்கை ஆற்றுகிறது. தனித்தகுதி உடையோராக ஏற்கப்படாத மக்கள், தம் திரளையே தகுதியாக முன்வைக்கின்றனர்.

1892ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம் சட்டமன்றங்களில் மறைமுகத் தேர்வுக்கு மட்டுமே வழிவகுத்திருந்த காலம் அது. மனுதாரருள் மிகப் பெரும்பாலோர்க்கு எங்கும் வாக்கில்லை. வாக்குச்சீட்டு இல்லாத நிலையில் 112 அடித் தாள் அதன் இடத்தை வகித்தது எனலாம். 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கிய சீனிவாசன், இரண்டே மாதங்களில் இம்மனுவுக்கான கூட்டத்தையும் நடத்தினார். தலித் இதழ்களின் வரலாற்றை எழுதிய ஜெ. பாலசுப்பிரமணியம் போன்றோரின் ஆய்வுகள் இதழியலின் பங்கை நிறுவியுள்ளன. இதழ் வாசகரைத் திரட்டியது, மனு அவர்களைக் கையொப்பதாரராக்கியது என்னும் தொடர்ச்சியை அவற்றோடு சேர்த்துக் காண வேண்டும்.

மனுவின் எல்லை

இம்மனுவைப் போற்றுவது மட்டும் திறனாய்வாகாது. 1894இல் ஒரேகாலத் தேர்வுத் திட்டம் கைவிடப்பட்டது. இந்திய அரசும் பிற மாகாண அரசுகளும் ஏற்கெனவே அதை எதிர்த்திருந்தமையால், முடிவை இம்மனுவின் வெற்றியாகக் கொள்ள இயலாது. அவ்வரசுகளின் எதிர்ப்புக்கு ஒடுக்கப்பட்டோர் நலன் வசதியான காரணமாகப் பயன்பட்டிருக்கவும் கூடும். மேலும், இம்மனு ஒன்றைத் தடுக்கக் கோரியதே அன்றி, அதிகாரத்தில் தமக்குரிய பங்கைக் கோரவில்லை. ஆட்சியர் ஆங்கிலேயராகவே நீடிப்பது நீதிக்கு உறுதி தராது என்பதை 1855 அறிக்கையே காட்டியிருந்தது.

இவ்வெல்லையைச் சீனிவாசனின் பிற்கால வாழ்க்கை கடந்தது. 1920களில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகவும், 1930இல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுப் பிரதிநிதியாகவும் அவர் இலண்டனுக்குத் தாளை அனுப்புபவர் என்னும் நிலையிலிருந்து அங்கேயே பேசுபவராக மாறினார். அயோத்திதாசரோ 1898இல் அடையாற்றில் ஆல்காட்டை அணுகி, அவருடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். ஒருவர் அதிகாரத்தில் பங்கு கேட்டார். மற்றவர் முறையிடத் தேவையற்ற வேறோர் அறவுலகைத் தேடினார். மனு நிறைவு செய்ய இயலாததை இரு பாதைகளும் நிறைவு செய்ய முயன்றன.

முடிவுரை

மயிலாப்பூரையடுத்த இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் நீதிமன்ற ஆணையின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, குடியிருப்பாளர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பின்னரே, மறுகுடியமர்த்தலுக்கு முன் மக்களின் கருத்துக் கேட்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வாக்குரிமையும் நீதிமன்றமும் குறைதீர் நாளும் உள்ள காலத்தில் இது நிகழ்ந்தது. இரு நிகழ்ச்சிகளின் சூழல்களும் வேறு. ஆயினும் 1893 மனு எழுப்பிய வினா இரண்டிலும் நிற்கிறது: முறையிடும் வழி திறந்திருப்பது மட்டும் போதுமா, அவ்வழியின் இறுதியில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்க வேண்டாவா?

மனுவைப் பணிவின் இலக்கியமாகக் காணும் பார்வை இவ்வினாவைக் கேட்க விடாது. தாழ்மையான சொற்கள் வடிவத்தின் கட்டாயம். பதில் கோரும் உரிமை அவ்வடிவத்தின் உள்ளடக்கம். ஆவணக் காப்பகங்களில் உள்ள தமிழ் மனுக்கள் இந்நோக்கில் தொகுக்கப்பட்டுப் பதிப்பிக்கப்பட வேண்டும். இராயப்பேட்டையில் கையொப்பமிட்ட 3412 பேரில் நாம் பெயரறிந்தோர் மிகச் சிலரே. எஞ்சியோர் தம் பெயரை எழுதியது பாராட்டுக்காக அன்று, கணக்கில் சேர்க்கப்படுவதற்காக. அக்கணக்கை முடித்துவைப்பது தமிழியல் ஆய்வின் கடனாகும்.