நான்கு இருண்ட நாள்களுக்கு எத்தனை பேனல்?

ஜொகூரில் சோலார் பேட்டரி விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். மாத பில்லைக் கேட்டு முப்பதால் வகுப்பார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வெயில் என்று வைத்து மறுபடியும் வகுப்பார்கள். வந்த எண்ணுக்குப் பேனல், ஓர் இரவுக்குப் பேட்டரி. பில்லைக் குறைக்க நினைப்பவருக்கு இந்தக் கணக்கு போதும். கரண்ட் போகும் நாளுக்காக ஏற்பாடு செய்பவருக்கு இது உதவாது என்பதே என் வாதம்.

முதலில் வேறொரு கேள்வியைத் தீர்க்க வேண்டும்: இது நமக்குத் தேவையா? 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்தது. தமிழ்நாட்டில் 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்கள் பல இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கின. தீபகற்ப மலேசியாவின் நிலை அப்படியல்ல. ஒரு வீட்டுக்கு ஆண்டில் ஏற்படும் மின்தடை, எல்லாம் சேர்த்துச் சராசரியாக 45 நிமிடத்தை ஒட்டியே இருக்கிறது. 2022 ஜூலை 27 அன்று யோங் பெங்கில் உள்ள துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட பழுது கோலாலம்பூர்வரை விளக்கை அணைத்தது. அதுவும் சில மணி நேரத்தில் சீராயிற்று. அந்தச் சில மணி நேரத்துக்காகக் கூரையை நிரப்புவது வீண் செலவு.

ஆனால் சராசரி என்பது தீபகற்பம் முழுவதற்கும் ஒன்று. வெள்ளம் அப்படிப் பரவலாக வருவதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட், கோத்தா திங்கி, பத்து பகாட் வட்டாரங்களில் வந்த வெள்ளம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை இடம்பெயரச் செய்தது. 2023 மார்ச்சில் மீண்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நிவாரண மையங்களுக்குப் போனார்கள். அத்தகைய நாள்களில் துணைமின் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தால், பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தவர் மையத்துக்குப் போய்விடுவார். கூரையில் பேனல் இருந்தும் அவருக்கு அப்போது பயனில்லை. மேட்டில் இருப்பதால் வீடு நனையாமல், ஆனால் பல நாள் கரண்ட் இல்லாமல் இருப்பவருக்குத்தான் இந்த ஏற்பாடு. ஐஸ் பெட்டியில் இன்சுலின் வைத்திருப்பவரையும் மூச்சுக்கருவியை நம்பியிருப்பவரையும் அவரோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே சிக்கல். கரண்ட் போகிற நாளும் வெயில் இல்லாத நாளும் ஒன்றே. வடகிழக்குப் பருவமழை இரண்டையும் சேர்த்தே கொண்டுவருகிறது. ஆண்டுச் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு இங்கேதான் சரிகிறது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2021இல் தொடங்கி 2025 ஜூன் 30இல் முடிந்த, கூரைச் சோலாருக்கான நெம் 3.0 திட்டத்தில் பேனல் பொருத்திய பலர், மின்தடையிலும் தங்கள் வீட்டில் விளக்கு எரியும் என்று எண்ணியிருக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் தெனாகா மின்நிறுவனத்தின் கம்பியோடு மட்டும் இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கும் தொழிலாளி மீது மின்சாரம் பாயாமலிருக்க வைத்த விதி அது, சரியான விதிதான். பேட்டரியும், தடை நேரத்தில் தனித்து இயங்கும் இணைப்பும் உள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டரே இங்கு உதவும்.

இனி கணக்கு. சிக்கனமான ஐஸ் பெட்டிக்கு நாளுக்கு 1 யூனிட். 50 வாட் காற்றாடி இரண்டு, பத்து மணி நேரம் சுற்ற இன்னொரு யூனிட். விளக்குகள், வைஃபை, கைப்பேசிகள் எல்லாம் சேர்ந்து அரை யூனிட். ஆக 2.5. ஏர்கோனை இதில் சேர்க்கக் கூடாது. ஓர் இரவு ஓடினால் அது மட்டுமே இந்த மொத்தத்தையும் தாண்டிவிடும். விற்பவர் பெரும்பாலும் சொல்லாத செலவு ஒன்றும் உண்டு. இன்வெர்ட்டர் எதையும் இயக்காமல் சும்மா விழித்திருக்கவே மின்சாரம் தின்னும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் அப்படி 50 வாட் எடுத்தால் நாளுக்கு 1.2 யூனிட், அதாவது வீட்டுத் தேவையில் ஏறக்குறையப் பாதி. ‘பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும்’ என்பது இந்த இடத்தில் தவறான ஆலோசனை. ஐஸ் பெட்டியின் கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் அளவுக்கு, சுமார் 2 கிலோவாட் இருந்தால் போதும். அது 20 வாட் எடுப்பதாகவும் மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு வீணாவதாகவும் கொண்டால், நாளுக்கு 3.3 யூனிட் வேண்டும்.

ஜொகூரில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 3.5 யூனிட் தரும். காகிதத்தில் 1 கிலோவாட் போதும். ஆனால் இடைவிடாத மழைநாளில் அது 1 யூனிட்தான் தரும் என்று வைத்துக்கொண்டு இரண்டு ஏற்பாடுகளை எடைபோட்டுப் பார்ப்போம். முதலாவது, 1 கிலோவாட் பேனலும் 10 யூனிட் பேட்டரியும். இரண்டாவது, 2.5 கிலோவாட் பேனலும் 5 யூனிட் பேட்டரியும். பேட்டரியில் பத்தில் ஒன்பது பங்கைப் பயன்படுத்தலாம். இரவில் 2.2 யூனிட், பகலில் 1.1 யூனிட் செலவானால், தொடர்மழையில் இரண்டுமே நான்காம் இரவு விடியும் தறுவாய்வரை தாங்குகின்றன.

வேறுபாடு ஐந்தாம் நாள் தெரியும். வெயில் திரும்பினாலும், மின்சாரம் திரும்பவில்லை என்று வையுங்கள். முதல் ஏற்பாடு அன்று 3.5 யூனிட் திரட்டி, 3.3ஐச் செலவழித்து, 0.2ஐ மிச்சம் வைக்கும். காலியான பெரிய பேட்டரி வாரக் கணக்கில் நிரம்பாது. இரண்டாவது ஏற்பாடு 8.75 யூனிட் திரட்டி, அன்றைய செலவு போக அன்று மாலையே பேட்டரியை நிரப்பிவிடும். கூடுதலான ஒன்றரைக் கிலோவாட் பேனல், கூடுதலான 5 யூனிட் பேட்டரியைவிட மலிவும்கூட. பேட்டரியைப் பெருக்குவதே பாதுகாப்பு என்ற பொதுக் கருத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பத்து நாள் மழை நீடித்தால்? இந்த அளவு அதற்கு ஈடுகொடுக்காது. திரங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவில் 2007இல் சூரிய ஒளி, காற்றாலை, பேட்டரி எல்லாம் வைத்து மின்நிலையம் அமைத்தபோதும் டீசல் இயந்திரத்தைக் கைவிடவில்லை. வீட்டுக்கும் அதே நியாயம். அத்தகைய அரிய நாள்களுக்காகப் பேட்டரியை இரட்டிப்பாக்குவதைவிட, சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று சிக்கனம். ஆனால் அதை வீட்டுக்கு வெளியே, சன்னலிலிருந்து தள்ளித்தான் ஓட்ட வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

பேட்டரி வகையில் ஈய அமில பேட்டரிக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆண்டெல்லாம் முழுதாக நிரம்பிக் காத்திருப்பது அதற்கு ஒத்துப்போகும், விலையும் குறைவு. ஆனால் மழைநாள்களில் அரைகுறையாகவே நிரம்பிக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெடும், பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், நம் வெக்கையிலும் சீக்கிரம் தளரும். அரைகுறை நிரப்பைப் பொறுத்துக்கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டே இந்த வேலைக்குப் பொருந்தும். அதை மேல்மாடியில், கூரைச் சூடு படாத சுவரில் மாட்டுங்கள். கீழ்த்தளத் தரையில் வைத்தால் முதலில் மூழ்குவது அதுவே. பேனலைத் தெற்கு நோக்கித்தான் வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு உறவினர் சொல்வார். ஒன்றரைப் பாகைக்கு அருகே, பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கும் நமக்குத் திசை பெரிய பொருட்டல்ல. மழைநீர் வழிந்து தூசியைக் கழுவும் அளவுக்குச் சரிவு இருந்தால் போதும்.

ஆகவே, வெள்ளம் எட்டாத ஜொகூர் பாரு தாமான் வீட்டில் மூச்சுக்கருவியோ குளிரில் வைக்கும் மருந்தோ இல்லையென்றால், மின்தடைக்கென்று எதையும் வாங்க வேண்டாம். சிகாமட்டிலோ கோத்தா திங்கியிலோ மேட்டு வீட்டில் இருப்பவருக்கு 2.5 கிலோவாட் பேனல், 5 யூனிட் லித்தியம் பேட்டரி, 2 கிலோவாட் இன்வெர்ட்டர். மூச்சுக்கருவி ஓடும் வீடென்றால் முதலில் அதன் வாட் அளவைப் பாருங்கள். 300 வாட் கருவி நாள் முழுதும் ஓடினால் அதற்கு மட்டுமே 7.2 யூனிட் வேண்டும், இந்த அளவு போதாது. விற்பவர் விலைப்பட்டியல் நீட்டும்போது டிசம்பர் மழைநாளில் எத்தனை யூனிட் வரும், இன்வெர்ட்டர் சும்மா இருக்க எத்தனை வாட் எடுக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.