சாக்கடையில் விளையும் கெண்டை

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் ‘பேரி’ எனப்படும் ஆழமில்லாத மீன்குளங்கள் பரந்து கிடக்கின்றன. நகரத்துச் சாக்கடை கால்வாய் வழியே அங்கேதான் போகிறது. அதைச் சுத்தம் செய்யும் முக்கிய வேலையாள் வெயில். கறுத்த தண்ணீர் சில நாள் வெயில் குடித்தால் பாசி பிடித்துப் பச்சையாகும். பாசி விடும் ஆக்சிஜனில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்; பாசியை மீன் தின்னும்; ரோகு, கட்லா என்ற கெண்டை மீன்கள் சந்தைக்கு வரும். மிஞ்சும் தண்ணீர் நெல்வயலுக்கு.

எனக்குப் பிடித்தது கரையோர ஆகாயத்தாமரை. நாம் தொல்லை என்று பிடுங்கி எறியும் செடிக்கு அங்கே அலை கரையை அரிக்காமல் காக்கும் காவல் வேலை!

சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலம் 2002-இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியது. தண்ணீரின் நிறம் பார்த்தே பக்குவம் சொல்லும் மீனவர்களின் கைப்பக்குவம் எந்தப் பட்டியலிலும் அடங்காது.