காலண்டர் கிழிக்கும் கட்டம்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இருக்கும் என் சித்தி எல்ஐசி ஏஜெண்ட். மந்தைவெளி, பாண்டி பஜார், அடையாறு காந்தி நகர் என்று பாலிசிதாரர்கள். யாருக்கு எப்போது டியூ என்பதெல்லாம் அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டில். காபி குடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவார். அந்த நோட்டுக்கு ஓய்வு கொடுத்த பெருமை எனக்கு. இல்லை, ஒரே ஒரு சூத்திரத்துக்கு!

நம்மூர் ஜோஹோவின் ஷீட்டில் எல்லாவற்றையும் ஏற்றினேன். டியூ தேதி, தவணை முறை, கட்டிய தேதி. நான்காவது கட்டத்தில்தான் மந்திரம். கட்டிய தேதி இருந்தால் ‘கட்டியாச்சு’. டியூவுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் இருந்தால் ‘பொறு’. அதற்குள் வந்துவிட்டால் ‘போன் பண்ணு’. டியூ தாண்டி கிரேஸ் நாட்களில் இருந்தால் ‘ஓடு’. அதையும் தாண்டினால் ‘லேப்ஸ்’. ‘ஓடு’வுக்கு மஞ்சள், ‘லேப்ஸ்’ஸுக்குச் சிவப்பு.

இதில் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? ‘டுடே’ என்ற குட்டி ஃபங்ஷனில். தினசரி காலண்டரில் தாள் கிழிக்க நாம் மறந்தாலும் அது மறக்காது. நேற்று ‘பொறு’ என்றிருந்த வரி இன்று ஷீட்டைத் திறந்ததும் தானாக ‘போன் பண்ணு’ என்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் கைதட்டியேவிட்டேன்.

எடுத்த எடுப்பிலேயே சரியாக வந்துவிடவில்லை. ‘இஃப்’ மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டே போகும். எந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ விழுகிறதோ அங்கேயே நின்றுவிடும். ‘டியூ தாண்டியதா’ என்பதை முதலில் கேட்டுத் தொலைத்தேன். லேப்ஸ் ஆனவர்களும் அதற்கு ஆமாம்தானே? அத்தனை பேரும் ‘ஓடு’வில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். தேதி அமைப்பை அமெரிக்க வழக்கத்தில் விட்டுவைத்ததும் நான்தான். டிசம்பர் 5 என்று 05/12 அடித்தால் மே 12 ஆகிவிட்டது. 28/02-ஐயோ, இருபத்தெட்டாவது மாதம் ஏது என்று வெறும் எழுத்தாகவே விட்டுவிட்டது. ஒருநாள் கட்டத்தின் வடிவத்தை மாற்றப்போய் தேதிக்குப் பதில் 45716 என்று வந்து நின்றது. பதறிப்போனேன். அப்புறம்தான் தெரிந்தது, 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணினால் 2025 பிப்ரவரி 28 அத்தனையாவது நாள். தேதி என்பது உள்ளுக்குள் வெறும் எண். அதனால்தான் கூட்டலும் கழித்தலும் செல்லுபடியாகிறது. என்ன அழகு!

கிரேஸ் கணக்குதான் எனக்குப் பிடித்த இடம். மாதத் தவணைக்கு 15 நாள், அது சுலபம். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்குப் பழைய பாலிசிப் பத்திரங்களில் ‘ஒரு மாதம், ஆனால் 30 நாளுக்குக் குறையாமல்’ என்று இருக்கும். வக்கீல் பாஷை என்று அலட்சியமாக ‘ஈடேட்’ போட்டு ஒரு மாதம் கூட்டினேன். சித்தி எட்டிப் பார்த்தார்.

“பிப்ரவரி 28-க்கு என்னடா காட்டுது?”

“மார்ச் 28, சித்தி.”

“இருபத்தெட்டு நாள்தானே ஆச்சு? மார்ச் 30 வரைக்கும் இருக்குடா அவங்களுக்கு.”

கம்ப்யூட்டரைத் தொடாமலே பிழையைப் பிடித்துவிட்டார்! ஒரு மாதம் கூட்டியது, 30 நாள் கூட்டியது, இரண்டில் எது பிந்தியதோ அதை எடு என்று ‘மேக்ஸ்’ போட்டேன். கட்டம் மார்ச் 30-க்கு நகர்ந்தது.

2025 மார்ச் 29 காலை, அடையாறு மாமி ஒருவரின் வரி இன்னும் மஞ்சளில் இருந்தது. சித்தி போன் போட்டார். மாமி பேரனை விட்டு ஆன்லைனில் கட்டவைத்தார். தேதியைத் தட்டினேன்; ‘கட்டியாச்சு’.

சித்தி கண்ணாடியைக் கழற்றினார். “காஸ் சிலிண்டருக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் கொடேன்டா.”

போட்டாயிற்று. வடாம் வெயிலில் வைத்த தேதிக்கும் ஒன்று சேர்த்திருக்கிறேன்.