ஏ-2 என்றால் என்ன, டாக்டர்?

உங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. குழந்தையின் தைராய்டு பரிசோதனை முடிவு 'ஏ-2'. அடுத்த பரிசோதனை 2 வருஷம் கழித்து. கட்டியா, எத்தனை, எதனால்... மூச்! அன்றைக்கு ராத்திரி தூங்குவீர்களா?

2011 மார்ச் அணு உலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமாவில் நிறையப் பெற்றோர் தூங்கவில்லை. ஜப்பானில் வசித்த அமெரிக்கர் இயான் தாமஸ் ஆஷ் 2013-ல் எடுத்த டாகுமெண்டரிக்குப் பெயரே 'ஏ2-பி-சி'. ஏ-1 என்றால் ஒன்றுமில்லை. ஏ-2 என்றால் 5 மில்லிமீட்டர் வரை முடிச்சு, அல்லது 20 மில்லிமீட்டர் வரை நீர்க்கட்டி. பி, சி என்றால் மறு பரிசோதனை.

ஆஷ் அதிகம் வியாக்கியானம் பண்ணாமல் அம்மாக்களைப் பேசவிடுகிறார். கருவியும் கையுமாகப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி அவர்களே கதிர்வீச்சு அளக்கிறார்கள். ஏன் இந்த அவநம்பிக்கை என்று கேட்பீர்கள். பொதுமக்களுக்கு வழக்கமான வரம்பு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட். 2011 ஏப்ரலில் கல்வி அமைச்சகம், பள்ளிகளுக்கு 20 வரை பரவாயில்லை என்றது. அரசின் ஆலோசகர் டோஷிசோ கொசாகோவே கண்ணீரோடு ராஜினாமா செய்தார். பெற்றோர் டோக்கியோவுக்கே போய்ச் சத்தம் போட்டபின், மே கடைசியில் '1-தான் இலக்கு' என்று இறங்கி வந்தார்கள். அதற்கப்புறம் யார் 'கவலைப்படாதீங்க' என்றாலும் எந்த அம்மா நம்புவாள்?

படம் சறுக்குவது வேறு இடத்தில். மூக்கில் ரத்தம், தோலில் தடிப்பு, தைராய்டில் கட்டி, எல்லாவற்றையும் கதிர்வீச்சின் கணக்கில் எழுதிவிடுகிறது. விபத்து தொடாத அவோமோரி, யமனாஷி, நாகசாகியில் 4,365 பிள்ளைகளை அதே முறையில் ஸ்கேன் செய்தபோது 56 சதவிகிதத்துக்கு மேல் ஏ-2! நல்ல மெஷின் எதையும் காட்டிக் கொடுத்துவிடும். செர்னோபிலில் அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது நிஜம். ஃபுகுஷிமாவில் டோஸ் மிகக் குறைவு. அங்கே கண்டுபிடித்த புற்றுநோய்களுக்கும் நுணுக்கமான ஸ்கேன்தான் காரணமாக இருக்கலாம் என்கிறது, 2021-ல் வெளியான ஐ.நா. விஞ்ஞானக் குழுவின் அறிக்கை.

இதற்காக ஆஷை மட்டும் குட்ட மனசு வரவில்லை. ஒப்பிட்டுப் பார்த்த அந்தக் கணக்கே 2013-ல்தான் வந்தது. முதல் கடிதம் அனுப்பியவர்கள், 'சின்ன நீர்க்கட்டி பல பிள்ளைகளுக்கு இருக்கும், சந்தேகமிருந்தால் இந்த டாக்டரைப் பாருங்கள்' என்று நாலு வரி சேர்த்திருந்தால், இந்தப் படத்துக்குப் பாதி விஷயம் கிடைத்திருக்காது.

இவாகி நகரத்து அம்மாக்கள் காத்திருக்கவில்லை. 2011 நவம்பரில் 'தாராச்சினே' என்று சொந்தமாக ஒரு பரிசோதனைக்கூடமே திறந்து, சாப்பாட்டையும் மண்ணையும் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

படம் கிடைத்தால் பாருங்கள். பக்கத்தில் ஒரு டாக்டர் நண்பர் இருந்தால் உத்தமம்.