மலையேறியவர் கண்டதும் காணாததும்

திருநீர்மலைப் பக்கம் வாழும் நமக்குப் பரங்கிமலை தொலைவன்று. புனித தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கும் அக்குன்றில் ஏறும்போதெல்லாம், அதே நினைவின் சுவட்டைத் தேடி நீலகிரியில் ஏறிய ஒருவர் நம் எண்ணத்தில் வருவார். அவர் இயேசு சபையைச் சார்ந்த இத்தாலியத் துறவி அருட்தந்தை யாக்கோமோ பெனிசியோ. 1603-ஆம் ஆண்டு கோழிக்கோட்டிலிருந்து அவர் எழுதிய மடல், தோடர் மக்களைப் பற்றிய மிகப் பழைய நேர்முகக் குறிப்புகளுள் ஒன்று. போர்த்துக்கீசிய மொழியிலமைந்த அம்மடலின் ஆங்கில மொழிபெயர்ப்பை, ரிவர்ஸ் என்னும் ஆய்வாளர் 1906-இல் வெளியிட்ட ‘தோடர்கள்’ என்னும் நூலின் பின்னிணைப்பில் காணலாம்.

தோமையார் வழிவந்த கிறிஸ்தவர் சிலர் அம்மலைகளில் விசுவாசத்தை மறந்து வாழ்கின்றனர் என்றொரு செய்தி அந்நாளில் பரவியிருந்தது. அதன் உண்மையை அறியவே அவர் கடினமான மலைவழியில் ஏறினார். அங்குக் கிறிஸ்தவர் இல்லை. எருமை மேய்த்து வாழ்ந்த தோடர் இருந்தனர்.

இம்மடலின் சிறப்பு அதன் நேர்மை. தாம் தேடியது அங்கில்லை என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. தம்மை அனுப்பியோர் மகிழ்வதற்காக ஒரு சிலுவையையோ மறந்துபோன ஒரு செபத்தையோ கற்பனை செய்து சேர்க்கவுமில்லை. நீண்ட தாடியும் முடியும் கொண்ட தோடர் பூசாரியின் தோற்றத்தையும், மணி கட்டிய எருமைக்கு அவர்கள் காட்டிய வணக்கத்தையும், உடன்பிறந்தார் ஒரே மனைவியைக் கொள்ளும் வழக்கத்தையும் கண்டவாறே எழுதியுள்ளார்.

குறையும் உண்டு. நம்மிடம் உள்ளது அவர்களிடம் உண்டா என்பதே அவர் கைக்கொண்ட அளவுகோல். அதனால் தோடரின் பால்மனையே அவர்தம் திருத்தலம் என்பதன் ஆழம் அவருக்குப் புலப்படவில்லை. சில நாள் விருந்தினர் ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையாகாது. மரே எமனோ என்னும் மொழியியலறிஞர் 1930-களில் நீலகிரியில் தங்கித் தோடர் மொழியைப் பயின்று, அவர்தம் பாடல்களைத் திரட்டினார். அவை 1971-இல் நூலாயின. எருமையும் மேய்ச்சல் நிலமும் சடங்கும் அப்பாடல்களில் நிறைந்திருக்கின்றன. பெனிசியோ கண்ட மக்களுக்கு இத்தகையதொரு பாட்டு மரபு உண்டென்பதை உலகம் நன்கறிய முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நம் பயணக் கட்டுரைகளோ இன்னும் 1603-ஐத் தாண்டவில்லை. உதகைக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் ‘கள்ளங்கபடமற்ற மலைமக்கள்’ என்றோ ‘நாகரிகம் எட்டாதவர்’ என்றோ எழுதி முடிக்கின்றனர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எழுதினோம். இன்று அதனைப் படிக்க நாணுகிறோம். தமிழோடு உறவுடைய திராவிட மொழியொன்றைப் பேசும் அம்மக்களிடம், அந்த அரை நாளில் நாம் ஒருவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பிற மக்களின் மரபுகளில் மறைந்துள்ள இறைவார்த்தையின் வித்துகளை மகிழ்வோடும் மதிப்போடும் கண்டறியுமாறு 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மை அழைத்தது. கண்டறிவதற்குக் காத்திருத்தல் வேண்டும், கேட்டல் வேண்டும். பெனிசியோ, தாம் தேடியதைக் காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். மலைக்குச் சென்று வந்து எழுதும் அன்பர்கள் அந்த நேர்மையிலிருந்தேனும் தொடங்கலாம். அடுத்த பக்கத்தை அம்மக்களிடம் கேட்டறிந்து எழுதட்டும்.