சுஷிக்கடைக்காரர் மகனின் கடைசி ஆண்டு

'தி பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்' பற்றிப் பேச்செடுத்தால் என் ஈப்போ நண்பர்களிடையே இரண்டே கட்சிதான். ஒன்று ரியோமா கட்சி, இன்னொன்று தெசுகா கட்சி. நான் மூன்றாவது கட்சி. கவாமுரா தகாஷி கட்சி. இதுவரை இந்தக் கட்சியில் நான் ஒருவன்தான் உறுப்பினர். ஆள் சேர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகேஷி கொனோமி எழுதி வரைந்த இந்த மங்கா 1999 முதல் 2008 வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடராக வந்தது. நூலாக 42 தொகுதிகள். அமெரிக்காவிலிருந்து திரும்பிய 12 வயது எச்சிசென் ரியோமா, சேய்காகு என்ற தனியார் இடைநிலைப்பள்ளியின் டென்னிஸ் குழுவில் சேர்கிறான். வட்டாரப் போட்டி, தோக்கியோ மாநகரப் போட்டி, கந்தோ மண்டலப் போட்டி, கடைசியில் தேசியப் போட்டி என்று குழு படிப்படியாக ஏறுகிறது. நம்ம பள்ளிகளில் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஓடியவர்களுக்கு இந்த ஏணியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதை ஒரு வளர்ச்சிக் கதை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். போட்டிக்குப் போட்டி எதிராளி பலசாலி ஆகிறான், தோற்றவன் தன் குறையைக் கண்டுபிடிக்கிறான், அடுத்த முறை வேறு ஆளாக வந்து நிற்கிறான். பள்ளி விளையாட்டை வைத்து வரும் மங்காக்களில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவைதான். தவறில்லை. ஆனால் 'வளர்ச்சி' என்ற சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் அடுத்த ஆண்டு. அடுத்த ஆண்டு உண்டு என்பவனுக்குத்தான் தோல்வி பாடமாகிறது. அது இல்லாதவனுக்குத் தோல்வி வெறும் தோல்விதான். இந்த 42 தொகுதிகளில் அதைத் தெரிந்துகொண்டே திடலில் இறங்கும் பையன் கவாமுரா.

அவன் அப்பா சுஷிக்கடை வைத்திருக்கிறார். இடைநிலைப்பள்ளி முடிந்ததும் டென்னிஸை விட்டுவிட்டுக் கடையில் தொழில் பழகப் போவதாக அவன் முன்பே முடிவு செய்துவிட்டான். கையில் மட்டை இல்லாதபோது கூச்சப்படும் பையன்; யாராவது மட்டையை நீட்டினால் போதும், ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு எரிமலையாகிவிடுவான். வாசகர்கள் இதைச் சிரிப்புக்கான சரக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. மட்டை கையில் இருக்கும்வரைதான் அவனுக்குக் குரல். அந்தக் குரலுக்கு ஒரு முடிவுத் தேதியும் குறித்தாகிவிட்டது. குழு ஜெயித்தால் எல்லாரும் கூடிக் கொண்டாடும் இடங்களில் ஒன்று அவன் அப்பாவின் கடை. மற்றவர்களுக்கு அது விருந்து. அவனுக்கு அது தன் எதிர்காலத்தின் சமையற்கட்டு.

கந்தோ போட்டியின் முதல் சுற்றில் சேய்காகுவும் ஹியோதெய் பள்ளியும் மோதுகின்றன. குழுப் போட்டியின் அமைப்பு முக்கியம்: இரட்டையர் இரண்டு, ஒற்றையர் மூன்று, ஆக ஐந்து ஆட்டம். மூன்று ஜெயித்தால் குழு ஜெயிக்கும். ஒருவன் உலகமகா வீரனாக இருந்தாலும் அவன் தரக்கூடியது ஐந்தில் ஒன்றுதான். இந்தப் போட்டியில் எல்லாரும் நினைவு வைத்திருப்பது கடைசி ஆட்டத்தை. தலைவன் தெசுகா, கையில் காயத்தோடு அதொபேயை எதிர்த்து ஆடி, நீண்டுகொண்டே போகும் சமன்முறிவில் 35-37 என்று தோற்கிறான். கொனோமி அதை அருமையாக வரைந்திருக்கிறார், சும்மா சொல்லக்கூடாது.

ஆனால் அதற்கு முன்பே கவாமுராவின் ஆட்டம் நடந்து முடிந்துவிடுகிறது. எதிரே கபாஜி. யார் எதை அடித்தாலும் அப்படியே திருப்பி அடிக்கக் கற்றுக்கொள்ளும் பையன். கவாமுரா தன் முழுபலத்தையும் கொட்டி அடிக்கும் ஒற்றைக்கை அடியை அவனும் கற்றுக்கொள்கிறான். ஒரே ஒரு அடி அடித்தாலே கையைக் கெடுக்கும் அது. இருவரும் மாறி மாறி அதையே அடித்து, கடைசியில் இருவராலும் மட்டையைப் பிடிக்க முடியாமல் போகிறது. ஆட்டம் முடிவில்லாமல் கைவிடப்படுகிறது. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இரு பள்ளிகளும் இரண்டுக்கு இரண்டு என்று நின்று, மாற்று ஆட்டக்காரனாக ரியோமா இறங்க வேண்டி வருவதே அதனால்தான். கதாநாயகனின் வாய்ப்பு சுஷிக்கடைப் பையனின் உடைந்த கையிலிருந்து பிறக்கிறது. கதை இதை உரக்கச் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

அந்தக் கை மட்டையைப் பிடிக்க மட்டும் அல்ல, நாளை கத்தியைப் பிடிக்கவும் வேண்டிய கை. தெசுகா தன் கையைப் பணயம் வைக்கும்போது எதிர்காலத்து டென்னிஸைப் பணயம் வைக்கிறான். கவாமுரா வைப்பது பிழைப்பை. எது பெரிய பணயம் என்று கேட்டால் என் பதில் கவாமுராவினுடையதுதான். ஆனால் பக்கங்கள் கிடைத்தது தெசுகாவுக்கு.

ஜப்பானியப் பள்ளிக் குழுக்களில் கடைசி ஆண்டு மாணவர்கள் கோடைக்காலப் போட்டியோடு விலகிக்கொள்வது வழக்கம். பிறகு நுழைவுத் தேர்வு. அதனால்தான் அந்நாட்டு விளையாட்டுக் கதைகளில் மூத்த மாணவர்கள் தோற்றதும் அப்படி அழுகிறார்கள். நமக்கு அது மிகை நடிப்பு மாதிரி தெரியும். ஆனால் அவர்களில் பலர் மேல்நிலைப்பள்ளியில் மீண்டும் குழுவில் சேரலாம். கவாமுராவின் கண்ணீர் அந்த வகை இல்லை.

இந்த இடத்தில் பேராக்குக்கு வருகிறேன். நான் கவாமுரா கட்சியில் சேர்ந்ததற்கு ஜப்பானைவிட பேராக்தான் காரணம்.

தோட்டத்தில் டென்னிஸ் என்றால் துரை ஆடுவது. சாமர்செட் மாமின் மலாயாக் கதைகளில் வெள்ளைக்காரர்களுக்குச் சாயங்காலம் ஆனால் டென்னிஸ், அதன் பிறகு கிளப்பில் குடி. லயத்து ஆட்களுக்கு அந்தத் திடல் வேலி வழியாகப் பார்க்கும் பொருள். நம்மவர்களுக்குக் கால்பந்து, சடுகுடு, சுண்ணாம்புக் கோடு போட்ட பூப்பந்துத் திடல். விடியலில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, மதியம் பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால் சாயங்காலம் திடல் நிறைந்துவிடும். ஒரு பந்து போதும், இருபத்திரண்டு பேர் ஆடலாம். டென்னிஸில் கணக்கு தலைகீழ்: இரண்டு பேர் ஆட ஒரு திடல், ஆளுக்கொரு மட்டை, அறுந்தால் மாற்ற நரம்பு, தேய்ந்தால் மாற்றப் பந்து. சேய்காகு கதையில் மட்டையை யார் வாங்கித் தந்தது என்ற கேள்வி பெரிதாக எழுவதே இல்லை. ஹியோதெய் அதொபேயின் பணம் நகைச்சுவைக்குப் பயன்படுகிறது, அவ்வளவுதான்.

பேராக் தந்த பெரிய பெயர்கள் ஓட்டத்தில் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த மணி ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கங்களை அள்ளினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை நின்றது. தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி அதே பாங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வென்றார். ஓட மட்டை வேண்டாம்.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். படிவம் மூன்று வரை பள்ளிக்காகக் கால்பந்து ஆடினார். எஸ்.ஆர்.பி. தேர்வோடு படிப்பு முடிந்தது, லோரி வேலைக்குப் போனார். அந்தக் கடைசி ஆண்டைப் பற்றி அவர் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்வார்: "செமி பைனல்ல தோத்துட்டோம்டா. வாத்தியாரு, 'பரவால்ல, அடுத்த வருசம் பாத்துக்கலாம்'னாரு. எனக்கு அடுத்த வருசம் இல்லைங்கிறது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல." கவாமுராவைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இந்த நான்கு வரிக்கு ஈடில்லை.

ஆனாலும் அப்பாவையும் கவாமுராவையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது. அப்படி வைத்தால் அது சோம்பேறி விமர்சனம். கவாமுரா விரும்பித்தான் கடைக்குப் போகிறான். தொழில் மரியாதைக்குரியது, அப்பா ஆசான், கடை அவனுக்காகக் காத்திருக்கிறது. தோட்டத்தில் தன் பிள்ளை பால்வெட்டுக் கத்தியை எடுக்க வேண்டும் என்று எந்த அப்பா ஆசைப்பட்டார்? அதோடு, காத்திருக்கத் தோட்டமும் இல்லை. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வேலையோடு வீடும் போனது. சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதைத் தடுக்கத்தான். பிறகும் கித்தா போய் செம்பனை வந்தது, செம்பனை போய் தாமான் வந்தது. திடல்களும் அதோடு போயின. கவாமுரா டென்னிஸை விட்டு வீட்டுக்குத் திரும்புகிறான். நம்ம பையன்கள் பலர் விளையாட்டை விட்டபோது திரும்பிப் போக வீடே இடம் மாறியிருந்தது.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் கொனோமியின் பெரிய பலவீனம் தெரிகிறது. போகப்போக டென்னிஸ் மந்திர வித்தையாகிறது. தேசிய அரையிறுதியில் இஷிதா கின் அடிக்கும் பந்து கவாமுராவைப் பார்வையாளர் வரிசைக்கே தூக்கி எறிகிறது. அவன் எழுந்து வருகிறான், மறுபடி எறியப்படுகிறான், மறுபடி வருகிறான். கடைசியில் கின்னின் கை உடைந்து, இவன் ஜெயிக்கிறான். பலருக்கு இது கேலிக்கூத்து. எனக்கு இந்தத் தொடரில் மிகை பொருந்திய அபூர்வ இடம் இது. ஏனென்றால் இங்கே அடிக்கு விலை இருக்கிறது, அந்த விலையைக் கொடுப்பவனுக்கு இது கடைசி வாய்ப்பு. மற்ற இடங்களில் விலையே இல்லாத வித்தை.

இன்னொரு பலவீனம் இதைவிடப் பெரிது. 2009இல் தொடங்கிய தொடர்ச்சிக் கதையில் இந்தப் பையன்கள் பதினேழு வயதுக்குட்பட்டோர் முகாமுக்குப் போகிறார்கள். இத்தனை ஆண்டுகள் ஓடியும் அவர்கள் இன்னும் அதே இடைநிலைப்பள்ளி மாணவர்கள். நாட்காட்டி நகரவே இல்லை. அதாவது கவாமுரா குறித்துவைத்த அந்தத் தேதி வருவதே இல்லை. ரசிகர்களுக்கு இது வரம். ஆனால் அந்தப் பாத்திரத்தை உண்மையாக்கிய ஒரே விஷயத்தை ஆசிரியர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்.

முடிவுக்கு அஞ்சாத டென்னிஸ் கதையும் ஜப்பானில் உண்டு. சுமிகா யமாமோதோ 1973இல் தொடங்கிய 'ஏஸ் வோ நெராயே!'. மேல்நிலைப்பள்ளிப் பெண்கள் குழு. முனகாதா என்ற பயிற்றுநர், யாரும் மதிக்காத ஒகா ஹிரோமியை முதல்நிலைக் குழுவில் எடுக்கிறார். அதனால் இடமிழந்தவளின் பொறாமையையும் அவள் தாங்க வேண்டியிருக்கிறது. பிறகு அந்தப் பயிற்றுநர் இளவயதிலேயே நோயில் இறந்துபோகிறார். தனக்கு நேரமில்லை என்று தெரிந்தவர்தான் அவளை அவ்வளவு அவசரமாக வளர்த்தார் என்பது நமக்கு உறைக்கிறது. ஒசாமு தெசாகி இயக்கி 1979இல் வந்த திரைப்பட வடிவத்தையாவது பாருங்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கம், தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் குடியிருப்பு, கற்பனை நிரம்பிய பையன் அப்போய். அவனுக்குக் குழு கிடையாது, போட்டி அட்டவணை கிடையாது. அந்தக் கற்பனைக்குப் பள்ளியில் இடமில்லை, தெருவில் இடமிருக்கிறது. 'அவனுக்கு ஒரு பந்து கொடுத்திருந்தால் திருந்தியிருப்பான்' என்று மேடையில் பேசும் வகையறாவில் நான் சேரவில்லை. விளையாட்டு யாரையும் தானாகக் காப்பாற்றுவதில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று வந்தபிறகு எத்தனையோ பேருக்குப் போட்டி என்பது சான்றிதழ் வாங்கும் வரிசை மட்டும்தான்.

நான் கேட்பது சின்ன விஷயம். தோட்டத்தை எழுதும்போது நாம் இழப்பை எழுதுகிறோம், எழுத வேண்டியதுதான். நான் வாசித்தவரை, அந்த இழப்புக்குள் ஒரு சாயங்காலத் திடலும் இருந்தது என்பதை மட்டும் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். 32 பள்ளிகள் இறங்கும் வெளியேற்றுப் போட்டியில் 16 பள்ளிகள் முதல் ஆட்டத்தோடு பேருந்து ஏறுகின்றன. கடைசியில் 31 பள்ளிகள் தோற்றவை. ஒரு கோப்பைக்காரனைப் பற்றி ஆயிரம் கதை வந்தாச்சு. அந்தப் பேருந்துகளில் ஏதாவது ஒன்றில், ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த வருசம் தனக்கு இல்லை என்று வாத்தியாரிடம் சொல்லாமல் வருகிற பையனையோ பெண்ணையோ யாராவது எழுதுங்கள். கவாமுராவுக்குக் கொனோமி தரத் தயங்கிய முடிவை நம்மில் ஒருவர் எழுதிவிடலாம். அதற்கான சரக்கு நம் வீட்டுப் பெரியவர்களிடமே இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் போதும்.