எம்ஜிபி காருக்கு 10 டிகிரி போதுமா?

ஆரம்பகால எம்ஜிபி காரின் ஒர்க்‌ஷாப் மேனுவல், பிஸ்டன் உச்சியைத் தொட 10 டிகிரி இருக்கும்போதே ஸ்பார்க் வரும்படி டைமிங்கை வைக்கச் சொல்கிறது. எஞ்சின் ஓடாத நிலையில் வைக்கிற எண் இது. நானும் அதோடு நிறுத்திக்கொண்டவன்தான்.

எண்ணில் தப்பில்லை. ஆனா அது புது ஸ்பிரிங்குக்கும் அன்றைய ஈயம் கலந்த பெட்ரோலுக்கும் எழுதினது. வேகம் கூடக்கூட லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைகள் விரிந்து அட்வான்ஸைக் கூட்டும். தளர்ந்த ஸ்பிரிங் இருந்தால் சீக்கிரமே கூட்டிவிடும். உள்ளே கேமில் 10 என்று பொறித்திருந்தால் கிராங்க் கணக்கில் அது 20. டிஸ்ட்ரிபியூட்டர் பாதி வேகத்தில்தானே சுற்றுது!

அதனால வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, 3000 ஆர்பிஎம்மிலும் டைமிங் லைட் அடிச்சுப் பாருங்க. மேனுவலின் 10 வெறும் தொடக்கம். பிஸ்டனை ஓட்டையாக்கும் நாக்கிங் வருவது லோடு ஏறும்போதுதான்.